பன்னிரண்டாம் அத்தியாயப்படி சுவர் ஏறிக் குதித்த விவரம்

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையம். நாள்: 19.7.1992, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். சொல்பவர் சொல்லச் சொல்ல எழுதியவர்: தலைமைக் காவலர் முத்துராமலிங்கம்.

என் பெயர் ஐயாதுரை. வயது ஐம்பத்திரண்டு. தகப்பனார் பெயர் இசக்கிமுத்து. இராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்புறம் உள்ள லைன் வீடுகளில் குடியிருக்கிறேன். நூற்பாலையில் ரிங் பிரேம் பிரிவில் மேஸ்திரி வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்குப் போக நான் தயாராகத்தான் இருந்தேன், ஒன்பதாம் வகுப்பு தயாராக இல்லை. இன்று காலை பலகார நேரத்தில் என்னை இவ்வூர் காளிராஜ் என்பவரின் வீட்டுப் பின்கட்டில் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். பிடித்தது உண்மை.

மேற்படி காளிராஜ் என் சம்பந்தி. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, நடுவில் ஒரு ரேழி, அதற்குப் பின்னால் வீடு, கடைசியில் சுவர் வைத்த முற்றம். வீட்டிலிருந்து தெருவுக்கு வர வேண்டுமானால் கடை வழியாகத்தான் வர வேண்டும், கடையில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் சம்பந்தி உட்கார்ந்திருப்பார். நான் சுவர் ஏறிக் குதித்து, ஆள் வைத்து அவர் மருமகளைக் கடத்திவிட்டேன் என்றும், கூடவே மூன்று எவர்சில்வர் குடங்களும் போய்விட்டன என்றும் புகார் கொடுத்திருக்கிறார். அவர் மருமகள் என்பது என் மகள் சண்முகத்தாய், வயது இருபத்தொன்று, பி.காம்., டைப்பிங் ஹையர் பாஸ். சம்பந்தியும் இப்போது எதிரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மகள் இப்போது எங்கே என்று உதவி ஆய்வாளர் அய்யா முதலில் கேட்டார்கள். நான் வரிசை தப்பினால் எல்லாம் குழம்பிவிடுகிற ஆள், ஆகவே வரிசைப்படி சொல்லலாமா என்று கேட்டேன். அய்யா "சரி, வரிசைப்படியே சொல்லித் தொலை" என்று அனுமதி கொடுத்தார்கள்.

நான் பிறந்தது செட்டியார்பட்டியில். பிறந்தபோது எடை குறைவு என்று என் தாயார் சொல்லுவார். "அங்க இருந்தா வாரே?" என்று அய்யா கேட்டார்கள். அங்கிருந்துதான் அய்யா, சுருக்கமாகச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு வளர்ந்து, பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் நின்றேன். மார்பளவு எடுத்த ஹவில்தார் "மூச்சை இழு" என்றார், இழுத்தேன். "இழுத்தாச்சா, இனிமேத்தான் இழுக்கணுமா?" என்று கேட்டார். அதோடு என் பட்டாள வாழ்க்கை முடிந்தது. அதன் பிறகு மில்லில் சேர்ந்தேன். ஸ்பிண்டில்கள் சுற்றுகிற சத்தத்தில் முப்பது வருடம் நின்ற காது என்னுடையது. மில்லுக்குள் யாரும் யாரோடும் வாயால் பேச முடியாது, கைச்சாடைதான். நூல் அறுந்தால் ஒரு சாடை, மெஷினை நிறுத்து என்பதற்கு ஒரு சாடை, நூல் சுற்றும் கதிர் நிறைந்துவிட்டது, இறக்கலாம் என்பதற்கு இரண்டு கைகளையும் சேர்த்து மேலே தூக்கிக் காட்டுகிற சாடை. வெளியே வந்தாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. வீட்டில் நாங்கள் கைச்சாடையிலும் பேசுவோம், வாயால் பேசினால் தெருமுனை வரை கேட்கும். காது விவரம் இந்த வழக்குக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

அதன் பிறகு மூன்று வருடங்களுக்கு முன்னால் மில் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. பெயர் 'பெயர் சொல்லாத மலைகள்'. எழுதியவர் மகாராஜபுரத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற சுபேதார் வைகுண்டராஜ். பட்டாளத்தில் சாதாரணப் பிரிவு இல்லை, கமாண்டோப் பிரிவு. இரகசிய வேலைகளுக்கு அனுப்பப்படுகிறவர்களாம். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, போன ஊருக்கே தெரியாது. இரகசியம் என்பதால் ஊர்ப் பெயர் எதையும் அவர் எழுதவில்லை. 'ஒரு எல்லையில், ஒரு ஆற்றின் கரையில், ஒரு மலையடிவாரத்தில்' என்றுதான் இருக்கும். மன்றத்துப் பிரதியை மூன்று முறை எடுத்து வாசித்துவிட்டு, அதன் பிறகு மனது கேட்காமல் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டேன். என் வாழ்நாளில் பாடப் புத்தகம் தவிர நான் வாங்கிய புத்தகம் அது ஒன்றுதான்.

அந்தப் புத்தகத்தை நான் மனதுக்குள் வாசிப்பதில்லை. மனதுக்குள் வாசித்தால் எனக்குக் கேட்பதில்லை. சத்தமாகத்தான் வாசிப்பேன். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் வாசித்தேன். அதன் பிறகு லைன் வீடுகளில் என் பெயர் கமாண்டோ என்று ஆகிவிட்டது. "ஏ கமாண்டோ, ரேஷன்ல பாமாயில் ஊத்துதான், ஆள் நடமாட்டம் எப்படின்னு வேவு பாத்துட்டு வாரீரா?" என்பார்கள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறேன்.

என் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்த பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குத் தயார் செய்தாள். இரவுச் சாப்பாடு ஆனதும் ஒரு பக்கம் அவள் பொது அறிவு, ஒரு பக்கம் நான் கமாண்டோ. அவள் புத்தகத்தை மூடியதும் என் புத்தகத்துக்கு வருவாள். அந்தப் பெயரில்லாத ஊர் எது என்று இருவருக்கும் சண்டை வரும்.

"இது நம்ம பிளவக்கல்லுதாம்ட்டி. அணை, அதுக்கு மேல மலை, எல்லாம் சரியா வருது" என்பேன்.

"அப்பா, முழங்கால் வரைக்கும் பனி கெடந்ததுன்னு போட்டிருக்கு."

"பிளவக்கல்லுல மார்கழி மாசம் குளிராதா?"

"குளிரும். ஒங்களுக்கு மப்ளர் கட்டுற அம்புட்டுக் குளிரும். பனியில ஆள் பொதைஞ்சு போகாது."

இப்படியே அந்தப் புத்தகம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் பன்னிரண்டாம் அத்தியாயம் ஒன்று உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். எதிரியிடம் மாட்டிக்கொண்ட, வயர்லெஸ் பார்க்கும் ஒரு சிக்னல்காரரை மீட்க, சுபேதார் இரண்டு பேரோடு போகிறார். ஒரு மண்கோட்டை. பின்சுவரில் ஏறிக் குதிக்க வேண்டும். காவலர்கள் உட்கார்ந்து சாப்பிடும் நேரம்தான் உகந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்க யோசிப்பான் என்று எழுதியிருக்கிறார். குதிக்கிறார்கள். சத்தம் கேட்டுவிடுகிறது. கோட்டையில் இருந்த அத்தனை பேரும் பின்பக்கம் ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் சிக்னல்காரர், மீட்க வந்தவர்களுக்குக் காத்திராமல், ஒரு கட்டு மாட்டுத் தீவனத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்து வெளியே போய்விடுகிறார். சுமை தூக்கிப் போகிறவன் முகத்தை எவனும் பார்ப்பதில்லை என்று அதில் ஒரு வரி. சுபேதார்தான் மாட்டிக்கொள்கிறார்.

அந்த அத்தியாயம் எனக்குப் பிடிக்காது. மீட்கப் போனவன் மாட்டிக்கொண்டு, மீட்கப்பட வேண்டியவன் தானாகவே போய்விடுவது என்ன வீரம் என்று கேட்பேன். சிக்னல்காரர் அசையாமல் இருந்திருந்தால் சுபேதாரே தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்பது என் கட்சி. மகள், "அவர் அசையாம இருந்திருந்தா ரெண்டு பேரும் மாட்டியிருப்பாகப்பா. சுபேதார் போட்ட சத்தம்தான் மீட்பு" என்பாள். இந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை அது வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

அதன் பிறகு இந்த வருடம் மாசி மாதம் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை பொன்னுராஜ், மேற்படி காளிராஜின் ஒரே மகன். அமைதியான பையன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சைப் பேனா இருக்கும். பூ வைத்த அன்று, பெண் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று நான் சொன்னேன். சம்பந்தி "தாராளமா எழுதட்டும், படிச்ச மருமக வாரது எங்களுக்குத்தான பெருமை" என்று சபையில் சொன்னார். வைகாசியில் கல்யாணம் ஆனது. அதன் பிறகு கடையில் பில் போட என் மகளை உட்காரவைத்தார்கள். அவள் கூட்டிச் சொன்னால் மெஷினே தேவையில்லை. ஒரு மாதத்தில் சம்பந்தியின் பேச்சு மாறியது. வேலை கிடைத்தால் தர்மபுரியில் போடுவான், தஞ்சாவூரில் போடுவான், குடும்பம் என்ன ஆவது என்றார். சம்பந்தியம்மா சுந்தரம்மாள், "எழுதுனாத்தான கெடைக்கும், எழுதாட்டி ஒரு தொந்தரவும் இல்லேல்லா" என்று சொன்னதாக மகள் போன் பண்ணியபோது சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ பக்கத்தில் வந்தார்கள் போலிருக்கிறது, "சரிப்பா, நூலு அறுந்துட்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும் மில் ஆபீஸ் போனை வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன். இந்தப் பரீட்சையை விட்டால் அடுத்து எப்போது வைப்பான் என்று யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிப் போட்டதால் என் வீட்டு முகவரிக்கு வந்தது. ஜூலை பத்தொன்பது, ஞாயிறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் மகாராஜபுரம் போனேன். சுபேதாரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவர் எலுமிச்சைத் தோட்டத்தில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். ஆள் குட்டை. நான் மனதில் வைத்திருந்த சுபேதார் ஆறடி. விஷயம் எல்லாவற்றையும் கேட்டார்.

"வாசல்ல துப்பாக்கி வச்சிக்கிட்டு நிக்காவளா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா."

"பொறவு எதுக்கு சுவரு? வாசல் வழியாப் போயி கேளுங்க. நாங்க சுவரேறுனது எங்களுக்கு வேற வழி இல்லாம."

இதையே என் மனைவி பிச்சையம்மாள் புத்தகம் எதுவும் வாசிக்காமல் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆகவே ஆடி பிறந்த அன்று வாசல் வழியாகவே போனோம். கல்யாணமான பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லோர் வீட்டிலும் உள்ள முறை. எந்தச் சம்பந்தியும் மறுக்க முடியாது. சேலை, பழம், பூ, பலகாரம் என்று தட்டு வைத்து அழைத்தோம். சம்பந்தியும் மறுக்கவில்லை.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. திங்கக்கிழமை நாள் நல்லாருக்கு. ஆடி எங்க ஓடியா போயிரப் போகுது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று பேப்பரில் வந்தது அவருக்கும் தெரியும், அழைப்பு திங்கள்கிழமை. முறை கெடவில்லை, பரீட்சை கெட்டது. இப்படி ஒரு ராணுவ மூளை பாத்திரக் கடையில் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு அப்போதே ஒரு மரியாதை வந்தது. என் மகள் சமையற்கட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அதன் பிறகு பரீட்சை எந்த ஊரில் போட்டிருக்கிறான் என்று சம்பந்தி பேச்சுவாக்கில் கேட்டார். விருதுநகரில் பெரிய பெரிய பள்ளிக்கூடமா இருக்குல்லா என்றேன். அது உண்மைதான், இருக்கின்றன. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நான் சாதாரணமாகச் சொன்னது பக்கத்தில் குடைக்கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது பாய் வரை கேட்டு, அவரும் "ஆமா, விருதுநகர்ல நெறைய இருக்கு" என்று அங்கிருந்தே சொன்னார்.

தட்டில் கடைசியாக மேற்படி புத்தகத்தை வைத்திருந்தேன். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தேன். அட்டைக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஹால் டிக்கெட் இருந்தது. எவனும் விரும்பாத பொருளுக்குள் ஒளித்து வை என்பது ஐந்தாம் அத்தியாயம். சம்பந்தியம்மா சேலையை விரித்துப் பார்த்தார், பலகாரத்தை மோந்து பார்த்தார், புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி "இது என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றார். பட்டாளக் கதை, பிள்ளை விரும்பி வாசிக்கும் என்றேன். "ஆடிச்சீர்ல யாராவது பட்டாளத்த வப்பாகளா?" என்று சிரித்து, அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் அதை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் நான் எழுதியிருந்தேன்: 'ஞாயிறு. பலகார நேரம். பின்கட்டு. சத்தமில்லாமல் வருவேன். அசையாதே. அப்பா.' என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. மாப்பிள்ளை புத்தகத்தை மூடி என் மகள் கையில் திரும்பக் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

(இந்த இடத்தில் தாள் தீர்ந்துவிட்டதால் பக்கத்து அறையிலிருந்து தாள் எடுத்து வரப்பட்டது. உதவி ஆய்வாளர் அவர்கள் டீ வரவழைத்தார்கள். சொல்பவருக்கும் கொடுக்கப்பட்டது.)

அதன் பிறகு இன்று காலை நானும் என் மனைவியும் முதல் பஸ்ஸில் இந்த ஊருக்கு வந்தோம். மனைவியை ஒரு இடத்தில் இருக்க வைத்தேன். அவள் கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது. "வேண்டாம்னா கேக்கவா போறீக? வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே உடுத்த வேண்டும் என்பது மூன்றாம் அத்தியாயம். சம்பந்தி வீட்டுப் பின்சுவர் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தது, ஆகவே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகத்தில் மண் பூசிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார், என் முகத்துக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் சைக்கிள் வாங்கி, சுவரில் சாய்த்து, கேரியரில் ஏறி, சுவர் மேல் வயிற்றைப் போட்டேன். பட்டாளத்தில் என்னைச் சேர்க்காத ஹவில்தார் அந்த இடத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதன் பிறகு வேட்டி மாட்டிக்கொண்டது, அவர் இல்லாததே நல்லது என்று தோன்றியது.

அதன் பிறகு குதித்தேன். முற்றத்தில் புதுச் சரக்கு வந்து இறங்கி, கழுவிக் காயவைத்த அலுமினியச் சட்டிகளும் எவர்சில்வர் தாம்பாளங்களும் சாய்த்து அடுக்கியிருந்தன. நான் அவற்றின் மேல்தான் இறங்கினேன். இறங்கி, உருண்டு, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கினேன். என் காதில் மெல்லிசாக ஒரு கிணுக் என்ற சத்தம்தான் விழுந்தது. அய்யா, சத்தியமாக, சத்தமில்லாமல் குதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சுபேதார் குதித்தபோதே சத்தம் கேட்டுவிட்டது, நான் குதித்தது யாருக்கும் கேட்கவில்லை பார் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். தாம்பாளம் ஒன்று அதன் பிறகும் முற்றம் முழுக்கச் சுழன்றுகொண்டே இருந்ததாகவும், கோயிலில் ஏதோ விசேஷம் என்று தெருக்காரர்கள் வெளியே வந்து பார்த்ததாகவும், சம்பந்தி இப்போது சொல்கிறார். இருக்கலாம்.

செத்த நேரம் கழித்துத் தலையைத் தூக்கினேன். சம்பந்தியம்மா தோசைக் கரண்டியோடு நின்றார். மாப்பிள்ளை சாம்பார்க் கையோடு நின்றார். கடையாட்கள் இருவர் நின்றார்கள். பிச்சை முகம்மது பாய்கூட ஒரு குடையோடு வந்து நின்றார். கடையிலிருந்து சம்பந்தி மூச்சு வாங்க ஓடி வந்தார். அசையாமல் இருந்தால் கண்ணில் பட மாட்டோம் என்பது மூன்றாம் அத்தியாயம் என்பதால் நான் அசையவில்லை.

சம்பந்தியம்மா குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, நம்ம வீட்டுக்கு வாசல் இருக்கே" என்றார்.

ஆடிக்கு அழைக்க வந்தேன் என்றேன். பாய் சிரித்துவிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. பொண்ணைத் தூக்க வந்தீரா என்று சட்டையைப் பிடித்தார். அந்த நேரம் நான் சமையற்கட்டைப் பார்த்தேன். மகள் ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அசையாதே என்று எழுதியிருந்தேனே, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன். தோற்றுப்போனேன் என்றும் நினைத்தேன். பரீட்சை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளை உள்ளே இருக்கிறாள். என் ஐம்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு நிமிடம் வந்ததில்லை. அதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டாம் என்றேன், எழுதியாகிவிட்டது என்று ஏட்டய்யா சொல்கிறார்.

அதன் பிறகு என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, மரியாதைக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லி சம்பந்தியம்மா மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அதன் பிறகு தேடினார்கள். சமையற்கட்டில் இல்லை, மாடியில் இல்லை, குளியலறையில் இல்லை. அப்போது கடையாள் ஒருவர், எல்லோரும் பின்கட்டுக்கு ஓடியபோது ரேழியில் ஒரு சுமைக்காரப் பெண் மூன்று குடங்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு எதிரே வந்தாள் என்றும், முக்காடு போட்டிருந்தாள் என்றும் சொன்னார். சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். ஏனென்றால் அவளை அவரும் பார்த்திருக்கிறார். குறுகலான ரேழியில் குடத்தோடு வழியை மறித்து நின்றதால், ஓடுகிற அவசரத்தில், "ஏட்டி, வழிய மறிக்காத, வெளிய போ, வெளிய போ!" என்று அவரே கையைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறார். அவள் போய்விட்டாள்.

இதை அவரே தன் வாயால் இந்த நிலையத்தில் சொன்னதை அய்யாவும் கேட்டீர்கள். ஆகவே, நான் ஆள் வைத்துக் கடத்தினேன் என்பது சரியில்லை. என் மகளை வெளியே போகச் சொன்னது அவளுடைய மாமனார். பெரியவர் சொல்லைத் தட்டாமல் அவள் போயிருக்கிறாள்.

இந்த இடத்தில் சம்பந்தி எழுந்து, "என் வீட்டுல ஏறிக் குதிச்சிட்டு என்னையவே குத்தம் சொல்லுதான் பாருங்க சார்" என்றார். அய்யா அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரும்போது ஏட்டய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு சம்பந்தி உடனே மாப்பிள்ளையை ஒரு டாக்ஸியில் விருதுநகருக்கு அனுப்பினார், எல்லாப் பள்ளிக்கூட வாசலிலும் பார்க்கச் சொல்லி. மாப்பிள்ளை வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "விருதுநகர்தான மாமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பெரிய ஊர் மாப்பிள்ளை, நிதானமாப் பாருங்க என்றேன். சரி என்று தலையாட்டினார். அவர் சட்டைப் பையில் பேனா இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு என்னை இங்கே கொண்டுவந்தார்கள். அய்யா மகள் எங்கே என்று கேட்டார்கள். நான் வரிசைப்படி சொல்கிறேன் என்றேன். பிறந்ததிலிருந்து சொன்னேன்.

இப்போது பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. சிக்னல்காரர் தீவனக் கட்டோடு வெளியே போய்விட்டார். அவர் ஆற்றைக் கடக்க அரை நாள் ஆகும். மாட்டிக்கொண்ட சுபேதாரிடம், உன் ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். சுபேதார் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்வோம், மௌனமாக இருந்தால் அடிப்பான், ஆகவே உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் இருந்து சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவர் மகாராஜபுரத்தில் தான் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாராம். எலுமிச்சை, கிணறு, மாமா வீட்டுக் காளை என்று வரிசையாகச் சொல்லி, கதை ஆள் இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் சிக்னல்காரர் ஆற்றைக் கடந்துவிட்டார். இந்தப் பக்கமும் எனக்கு அதுவரை பிடித்ததில்லை. வீரன் என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அது எழுந்து என் முன்னால் வந்து நின்றது. மகள் வெளியே போய்விட்டாள். இனி என் வேலை பேசுவது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருவிலிருந்து பள்ளிக்கூட மணி நீளமாக அடித்தது. அது எனக்கே நன்றாகக் கேட்டது. அய்யா கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்று. "யோவ், இப்பயாவது சொல்லு. பரீட்சை எந்த ஊர்லய்யா?" என்றார்கள்.

"அந்த மணிதான் அய்யா" என்றேன்.

ஹால் டிக்கெட்டில் போட்டிருந்த பள்ளிக்கூடம் இந்த நிலையத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. என் மனைவி இட்லிப் பொட்டலத்தோடு காலையிலிருந்து அதன் வாசலில்தான் நிற்கிறாள். மகள் பத்து மணிக்கு உள்ளே போனாளா இல்லையா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இவ்வளவு நேரமும் பேசினேன். ஏட்டய்யா பேனாவைக் கீழே வைத்து விரல்களை நீவிக்கொண்டார்.

அதன் பிறகு வாசலில் என் மகள் வந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் இரண்டு. பின்னால் என் மனைவி. மகளின் வலது கையில் ஒரு பச்சைப் பேனா இருந்தது. அந்தப் பேனாவை நான் சம்பந்தம் பேச வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் குடங்களை ஒவ்வொன்றாக இறக்கி, சம்பந்திக்கு முன்னால் வைத்தாள். "மாமா, சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. பள்ளிக்கூட வாட்ச்மேன் ரூம்ல பத்திரமா வச்சிருந்தேன்" என்றாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்து மேலே தூக்கிக் காட்டினாள். கதிர் நிறைந்துவிட்டது, இறக்கலாம்.

அய்யா அவளிடம் வயது, பெயர் கேட்டு, யாரோடு போக விருப்பம் என்று கேட்டார்கள்.

"முதல் ஆடி சார். அம்மா வீட்டுக்குப் போறேன், ஆவணியில எங்க வீட்டுக்கு வந்துருவேன். மாமா திங்கக்கிழமைன்னு நாள் பாத்தாக, நான் ஒரு நாள் முந்திட்டேன்" என்றாள்.

சம்பந்தி ஒரு குடத்தை எடுத்து, விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். புகாரைத் தொடர விருப்பமா என்று அய்யா கேட்டதற்கு, "வெளிய போன்னு சொன்னது நான்தானே சார், என்னத்தச் சொல்ல" என்றார். அதன் பிறகு என் மகளைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்தபடியே, "கணக்கு எப்படிக் கேட்டிருந்தான்?" என்றார். "நம்ம கடை பில்லவிட லேசு மாமா" என்றாள். அவர் வாயோரம் அசைந்தது. நெளிந்த தாம்பாளங்களுக்கு நான் பொறுப்பு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சம்பந்திக்கும் சம்பந்திக்கும் நடுவில் தாம்பாளம் என்ன பெரிய விஷயம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

அதன் பிறகு நான் மகளிடம், அசையாதே என்றுதானே எழுதியிருந்தேன், என்ன தைரியத்தில் கிளம்பினாய் என்று கேட்டேன்.

"சத்தமில்லாம வருவேன்னு எழுதியிருந்தீகள்லப்பா. அப்பயே தெரியும், ஊரே கூடுற மாதிரிதான் வருவீகன்னு. ஒங்க சத்தத்தத்தான் நம்பி, குடத்தத் தலையில வச்சிக்கிட்டு நின்னேன்" என்றாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்கிறேன். அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். சுவர் ஏறிக் குதித்தது நான்தான். அதற்கு என்ன தண்டனை உண்டோ தரலாம். இன்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில் இருக்கிறேன். அய்யா எச்சரித்து அனுப்புவதாகச் சொன்னார்கள். இனிமேல் வாசல் வழியாகப் போவதாக ஒப்புக்கொள்கிறேன்.

இதில் உள்ளதை ஏட்டய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாவது முறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தேவைக்கு மேல் சொன்னது நிறைய இருக்கிறது, நடக்காததைச் சொன்னது ஒன்றுகூட இல்லை. யாரும் மிரட்டாமல், யாரும் தடுக்க முடியாமல், நானாகச் சொன்னது என்று ஒப்புக்கொண்டு, என் மகள் நீட்டிய பச்சைப் பேனாவால் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) இ. ஐயாதுரை

என்னால் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்பட்டது: முத்துராமலிங்கம், தலைமைக் காவலர். மேற்படி புத்தகம் வழக்குக்குத் தேவையில்லை எனத் திருப்பித் தரப்பட இருந்தது. உதவி ஆய்வாளர் அவர்கள் வாசித்துவிட்டுத் தருவதாகக் கேட்டதன்பேரில், சொந்தக்காரர் சம்மதத்துடன் நிலையத்தில் இருத்திக்கொள்ளப்பட்டது.